அசைபோட்ட வாயும் மூங்கில் குழாயும்

"முதுகுல ஆள் ஏறிட்டா, அப்புறம் இந்த உடம்பு நம்மளுது இல்லடா. அது..." என்று கரியனின் அப்பா ஏதோ சொல்வார். அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது கரியனுக்கு மறந்துபோயிற்று. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே அவனும் ஏழு வருடம் ஓட்டிவிட்டான்.

கரியன் ஓர் எருமைக்கடா. காட்டாற்றின் வேகத்தில் நீந்த முடியாத பிராணிகளை முதுகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அவன் வேலை. அவன் கழுத்தில் ஒரு வெண்கல மணி தொங்கும். அந்த மணி கட்டியவன்தான் ஆளேற்றலாம். இது காட்டுச் சட்டம். குடித்துவிட்டு ஆளேற்றினால் மணி போகும், போனது திரும்பாது. இதுவும் காட்டுச் சட்டம்தான்.

காட்டில் குடிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? இலுப்பைப் பூ இருக்கிறதே! பங்குனியில் பூ கொட்டும். பாறைக் குழிகளில் போய் நிறையும். கோடைமழைத் தண்ணீரில் நாலு நாள் ஊறினால் போதும். கரடி பாட ஆரம்பித்துவிடும்.

அப்படியொரு பங்குனிக் காலையில், செல்லாயி என்ற எறும்புதின்னி தன் குட்டியை வாலில் உட்காரவைத்துக்கொண்டு கரியனின் முதுகில் ஏறினாள். நடு ஆற்றில் கரியனின் முன்னங்கால் மடங்கியது. குட்டி பயத்தில் பந்தாகச் சுருண்டு தண்ணீரில் விழுந்தது. வெள்ளம் இழுத்துக்கொண்டு போன அந்தப் பந்தை, நீர்நாய் ஒன்று மூக்கால் தள்ளித் தள்ளிக் கரையேற்றியது.

உயிர் தப்பியது. ஆனால் அன்றிலிருந்து குட்டி சுருண்டது சுருண்டபடியே கிடந்தது. எறும்பைக் கொண்டுவந்து வைத்தால் மூக்கை மட்டும் நீட்டும். மறுபடி பந்தாகிவிடும்.

சேதி கேட்டுத் துறைக்காவல் கொக்கு பறந்து வந்தார். அவர் அலகில் ஒரு மூங்கில் குழாய்.

"ஊது!"

"கொக்கையா, பாறையில பாசிங்க. கால் வழுக்கிருச்சு!"

"அதைப் பாசிகிட்டச் சொல்லு. நீ ஊது!"

அழுகின பழத்தை மொய்க்குமே பொடி ஈ, அது நிறைந்த இலைக்கூடை ஒன்று குழாயின் மறுமுனையில் இருக்கும். புளித்த மூச்சு வந்தால் ஈ குழாய் வாய்க்கு ஓடிவரும். ஐந்து ஈ வரை குற்றமில்லை. அதற்கு மேல் வந்தால் குடித்தவன் என்று கணக்கு.

கரியன் வாயைக் கொப்பளித்தான். கொக்கு சொன்ன நேரம்வரை நின்றுவிட்டு ஊதினான். பதினோரு ஈ வந்தது.

வழக்கு முடியும்வரை மணியை அவன் தங்கை நீலியின் கழுத்தில் கட்டினார்கள். நீலிக்கு இலுப்பைப் பூவின் வாசம் பட்டாலே தும்மல் வரும். "நான் பாத்துக்கறேன் அண்ணா. நீ கேஸைப் பாரு" என்றாள் அவள்.

கரியன் நேராக மரநாய் வக்கீலிடம் போனான். அவர் பனைமரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"வக்கீலையா, உண்மையச் சொல்லணும்னா அன்னிக்கிக் காலையில..."

"ஐயையோ, நிறுத்து! அதை மட்டும் சொல்லாதே! நீ குடிச்சியான்னு நான் கேட்டேனா? ஈ என்ன சொல்லுச்சு, சரியாச் சொல்லுச்சா, அவ்வளவுதான் வழக்கு!"

"அது போதுங்களா?"

"தாராளமாப் போதும்! நான் கள்ளு குடிக்காத நாளே கிடையாது. என்னை எந்தக் கொக்காவது பிடிச்சுதா?" என்ற வக்கீல், கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் யாரையும் முதுகுல ஏத்துறதில்லை, அது வேற விஷயம்" என்றார்.

பத்து நாள் கழித்து ஆற்றங்கரைப் பாறையில் விசாரணை நடந்தது. நடுவர் ஓர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்று காட்டுக்கே தெரியும்.

மரநாய் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொக்கையா! ஒருவரை ஊதச் சொல்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?"

"வாயைக் கொப்பளிக்க வைக்க வேண்டும். நட்ட குச்சியின் நிழல் ஒரு சாண் நகரும்வரை கூடவே நிற்க வேண்டும். அதுவரை வாய்க்குள் எதுவும் போகக்கூடாது."

"போகக்கூடாது, சரி. வரலாமா?"

கொக்கு விழித்தார். "எங்கிருந்து வரும்?"

"வயிற்றிலிருந்து! என் கட்சிக்காரர் எருமை. விடியலில் தின்றதை வெயிலேறும்வரை மேலே கொண்டுவந்து அசைபோடுகிறவர். அன்று அவர் தின்றது இலுப்பைப் பூ. புத்தம்புதுப் பூ! அது வயிற்றில் புளித்து வாய்க்கு வந்தால் ஈ வராதா? நிழல் நகர்ந்த நேரத்தில் அவர் தாடை அசைந்ததா, இல்லையா?"

"அது... நான் கவனிக்கவில்லை."

"பக்கத்தில்தானே நின்றீர்கள்?"

"நின்றேன். எப்போதும் போல ஒற்றைக் காலில்."

"கண்?"

கொக்கு காலை மாற்றி நின்றார்.

"கண் திறந்திருந்ததா கொக்கையா?"

"மூடித்தான் இருந்தது! நிற்கும்போது கண்ணை மூடுவது எங்கள் குல வழக்கம்! மீன் வந்தால் திறப்போம்!"

கூடியிருந்தவர்கள் பாறையே அதிரும்படி சிரித்தார்கள். முள்ளம்பன்றிக்கு முள் இரண்டு உதிர்ந்துவிட்டது.

மரநாய் அதோடு விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கடமான் ஒன்றை முன்னால் அழைத்தார். அது அந்த ஊறலை மோந்துகூடப் பார்த்ததில்லை. காலையில் நாலு வாய்ப் பூ தின்றிருந்தது, அவ்வளவுதான். அசைபோட்டுக்கொண்டே வந்து ஊதியது. ஒன்பது ஈ! வாயைக் கொப்பளிக்க வைத்து, தாடை அசையாமல் ஒரு சாண் நேரம் நிறுத்தி, மறுபடி ஊதச் சொன்னார்கள். ஒரே ஓர் ஈ. அதுவும் வழி தவறி வந்ததுபோல நின்றது.

"அநியாயம்! நாளைக்கு நாங்க மணி கட்டினா எங்களையும் இப்படித்தானே பிடிப்பீங்க?" என்று மான் கூட்டம் முழுவதும் கத்தியது.

உடும்பு வாலால் பாறையை ஒரு தட்டுத் தட்டினார்.

"கேளுங்கள்! கரியன் வாயில் வந்தது தின்ற பூவா, குடித்த ஊறலா என்று இந்தக் குழாயால் சொல்ல முடியவில்லை. தெரியாத ஒன்றை வைத்து ஒருவனின் மணியைப் பறிக்க மாட்டேன். மணி அவனுக்கே! இனிமேல் அசைபோடுகிற பிராணி என்றால் ஒரு சாண் நேரமும் வாயையே பார்க்க வேண்டும். தாடை அசைந்தால் நிழலை முதலிலிருந்து அளக்க வேண்டும். கொக்குக்குக் கண் மூடும் என்றால் பக்கத்தில் ஒரு மைனாவை உட்காரவையுங்கள்!"

மைனா என்றதும் கொக்கின் முகம் வாடியது. பகல் முழுவதும் அந்த வாயைக் கேட்க வேண்டுமே!

நீலி அங்கேயே மணியைக் கழற்றிக் கொடுத்தாள். கரியன் அதைக் கட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து துறைக்கு நடந்தான். மணி கணீர் கணீரென்றது. பாசிதான், பாசியேதான் என்று பத்து நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததில், அவனுக்கே அது நிஜம்போல ஆகியிருந்தது. பின்னால் நீலியும் கொக்கும் வர, மான்கள் துள்ளின. வக்கீல் கிளைக்குக் கிளை தாவி வந்தார். நடுவரும் வெயிலுக்கு ஒதுங்கத் துறைப் பக்கமாக வந்தார்.

துறையில் செல்லாயி காத்திருந்தாள். அவள் வாலில் அந்தப் பந்து இருந்தது.

"அண்ணா, எனக்கு இந்த ஈ கணக்கெல்லாம் விளங்கலைங்க" என்றாள். "அக்கரையிலதான் புத்து இருக்குது. இன்னிக்குப் போனாத்தான் வயித்துக்கு ஆகும். இவன் ஏறவே மாட்டேங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஏறிக்குவான். அன்னிக்கு நீங்க குடிக்கலைதானுங்களே?"

பத்து நாளாக அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. கொக்கு கேட்கவில்லை. வக்கீல் கேட்கவில்லை. நடுவரும் கேட்கவில்லை.

"பதில் சொல்லாதே!" என்று கிளையிலிருந்து கத்தினார் மரநாய். "வழக்கு முடிஞ்சிருச்சு! ஜெயிச்சாச்சு!"

பந்து கொஞ்சமாக விரிந்தது. செதிலுக்கு நடுவே ஒரு சின்னக் கண் தெரிந்தது. அது கரியனையே பார்த்தது.

கரியன் வாயைத் திறந்தான். காலையில் தின்ற புல் மேலே வந்தது. விழுங்கினான். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினான். எத்தனை தடவை விழுங்கினாலும் அது வரத்தான் செய்யும். எருமைக்கு அப்படித்தான் வயிறு. அப்பா சொன்னதன் மீதி அப்போதும் ஞாபகம் வரவில்லை. முதல் பாதியே போதுமாக இருந்தது.

"குடிச்சிருந்தேன் செல்லாயி" என்றான். "பாறைக் குழியில மூணு மடக்கு. பாசியில வழுக்கல."

செல்லாயி வாலை உடம்போடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

"பாருங்கள்!" என்று கொக்கு இறக்கையை அடித்துக்கொண்டார். "என் குழாய் சொன்னது சரிதான்! மைனாவெல்லாம் வேண்டாம்!"

"மைனா உண்டு!" என்றார் உடும்பு. "கடமானைக் குடிகாரன் என்று சொன்னதும் இதே குழாய்தான். இவன் விஷயத்தில் தற்செயலாகச் சரியாகிவிட்டது, அவ்வளவுதான்." பிறகு கரியனைப் பார்த்தார். "கொடுத்த தீர்ப்பை நான் திருப்ப மாட்டேன். சட்டப்படி மணி உன்னுடையது."

"திருப்ப வேண்டாமுங்க. மானுங்களுக்கு அந்தத் தீர்ப்பு வேணும்."

மரநாய் தலையில் அடித்துக்கொண்டு பனைமரத்துக்கே போய்விட்டார்.

சோதனையில் பிழை இருந்தால் வழக்காடி அதைத் திருத்தத்தான் வேண்டும்; ஆனால் சோதனை பிழையாகிப் போனதால் மட்டும் குடித்தது குடிக்காததாக ஆகிவிடாது.

கரியன் நீலியைக் கூப்பிட்டு, கொம்போடு கொம்பு வைத்துக் குனிந்து, மணிக்கயிற்றை அவள் கழுத்துக்கு நழுவவிட்டான்.