சம்பந்தியம்மாள் கொண்டுவந்த பென்டிரைவ்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டு மூலையில் கம்மென்று உட்கார்ந்திருக்கிறதே, அதன் முப்பாட்டன் பெரிய வாயாடி. மாடியில் வத்தல் காய்கிறது, மழை வரப்போகிறது என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கும். பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும்.

அப்போது ஆவுடைத்தங்கம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் இசக்கியப்பனுக்கு பஹ்ரைனில் வெல்டிங் வேலை. வாரம் தவறாமல் தன் குரலைப் பதிவு செய்து அனுப்புவான். கம்ப்யூட்டர் அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஆறு வருஷத்துக் குரல். பெரிய சங்கதி ஒன்றும் இருக்காது. வெயில், குழம்பில் உப்பில்லை, பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை. முடிக்கும்போது மட்டும் எப்போதும் ஒரே கேள்வி: "ஆவுடை, கதவை நல்லா சாத்திட்டியா?"

ஒரு நாள் அங்கேயே சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அதன் பிறகு தினமும் சாயந்தரம் விளக்கேற்றியதும் கம்ப்யூட்டர் முன் வந்து உட்காருவாள். ஏதாவது ஒரு குரலைப் போடச் சொல்வாள். அவளுக்கு மிச்சம் இருந்தது மகள் சுகிர்தாவும் அந்தக் குரலும்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரின் வாசலில் ஒரு காவல்காரன் நின்றான். இப்போது ஆன்டிவைரஸ் என்கிறோமே, அவன்தான். சுத்தமாக இங்கிதம் தெரியாதவன். யார் வந்தாலும் நிறுத்துவான், மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பான், பிறகுதான் விடுவான். சுகிர்தாவின் பள்ளிக்கூடப் படங்களையே ஒரு தடவை மறித்து வைத்து நல்ல திட்டு வாங்கியிருக்கிறான். அப்படியும் திருந்தவில்லை.

சுகிர்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு மாப்பிள்ளையோடு அவன் அம்மா சொர்ணவடிவும் வந்தாள். தாம்பாளத்தில் பழம், பூ, அதற்கு நடுவே மஞ்சள் தடவிய கவரில் ஒரு பென்டிரைவ். கல்யாண வீடியோ. முதலில் தன் சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் போட்டுக் காட்டிவிட்டு, பதினோரு வீடு சுற்றி, இங்கே கொண்டுவந்திருந்தாள். ஆசைதான், வேறென்ன. அடுக்களையில் தாளித்த சட்னி மணம் அடங்குவதற்குள் அதைப் போடச் சொன்னாள்.

செருகியதும் காவல்காரன் மறித்தான். அதுவும் எல்லார் காதிலும் விழும்படி. "கொஞ்சம் பொறுங்க. இதைச் சோதிச்சுப் பார்க்கணும்" என்றான்.

சொர்ணவடிவின் முகம் சுண்டிப்போனது. "எங்க வீட்டுப் பொருளைச் சோதனை போட்டுத்தான் உள்ள எடுப்பியளோ மதினி?" என்றாள்.

ஆம்பளை இல்லாத வீடு. பெண்ணைக் கொடுத்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. சுகிர்தா கதவோரம் தலையைக் குனிந்து நின்றாள். இன்றைக்கு விழுகிற ஒரு சொல்லை மகள் அங்கே போய் ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்குமே என்று ஆவுடைத்தங்கம் பயந்தாள். விட்டுவிடு என்று காவல்காரனிடம் சொன்னாள். உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருக்கிறது, பத்து நிமிஷம் கொடுங்கள் என்று அவன் கெஞ்சினான். அவள் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கி அவனைத் தூங்க வைத்துவிட்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நீங்களும்தான்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிற வாய், அந்த நேரத்தில் திறக்கவில்லை. சம்பந்தி முன்னால் நாம் என்ன சொல்வது என்று அதற்கும் சங்கோசம்.

வீடியோ ஓடியது. தாலி கட்டுகிற இடத்தில் இரண்டு அம்மாக்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதே நேரத்தில் அந்தப் பதினோரு வீட்டில் எங்கோ ஏறி, பென்டிரைவில் ஒளிந்து வந்த வைரஸ் பூச்சி உள்ளே இறங்கி, ஒவ்வொரு அறையாகத் தின்றுகொண்டு போனது. கம்ப்யூட்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது.

அவர்கள் போன பிறகு ஆவுடைத்தங்கம் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். குரலைப் போடச் சொன்னாள். கரகரவென்று இரைச்சல் வந்தது. அடுத்ததைப் போடச் சொன்னாள். அதுவும் இரைச்சல். எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று கம்ப்யூட்டர் தேம்பிக்கொண்டே சொன்னது. அவள் ஓடிப்போய்க் காவல்காரனை எழுப்பினாள். அவன் அந்தப் பூச்சியைத் தேடிப்பிடித்து நசுக்கினான். தின்றதைத் திருப்பித் தர அவனால் முடியவில்லை.

மூன்றாம் நாள் சொர்ணவடிவு அழுதுகொண்டு வந்தாள். அவள் வீட்டிலும் இதே கதிதான், மகனின் சின்ன வயசுப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாது மதினி" என்று கையைப் பிடித்தாள். ஆவுடைத்தங்கம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று சாயந்தரம் பழக்கத்தில் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எந்தக் குரலையும் போடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்குத் தாங்கவில்லை. ஆறு வருஷமாகக் கேட்ட குரல் அல்லவா, ஒவ்வொரு சொல்லும் அதற்கு மனப்பாடம். தன்னால் முடிந்ததைச் செய்வோம் என்று மெதுவாக வாயைத் திறந்தது.

"ஆவுடை, கதவை நல்லா சாத்திட்டியா?"

சொல் அதேதான். குரல் அவனுடையது இல்லை. ஆவுடைத்தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அதன் தலையைத் தடவிக் கொடுத்துச் சொன்னாள்: "வேண்டாம் ராசா. நீ இனிமே பேசாதே."

அது அப்புறம் பேசவே இல்லை. சேதி கேள்விப்பட்ட மற்ற கம்ப்யூட்டர்களும், பேச வேண்டிய நேரத்தில் பேசாத வாய் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டன.

காவல்காரன் மட்டும் ஒன்றை மனதில் முடிந்துகொண்டான். இப்போதும் அவன் சம்பந்தி என்றும் பார்ப்பதில்லை, சொந்தப் பிள்ளை என்றும் பார்ப்பதில்லை, எல்லாரையும் வாசலில் நிறுத்துகிறான். ஆனால் அன்று முதல், நீங்கள் அவசரத்தில் எரிச்சலாகி அவனைத் தூங்க வைக்கப் போனால், நிச்சயமாகத்தானா என்று ஒரு தடவை கேட்கிறான். கொஞ்சம் நின்று பதில் சொல்லுங்கள். கதவை நல்லா சாத்திட்டியா என்று ஆவுடைத்தங்கத்தைக் கேட்க அதற்கப்புறம் அவன் ஒருவன்தான் இருந்தான்.