மாமியாருக்கு வந்த ஆரஞ்சுப் பழங்கள்

மாசிலாமணி மடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார். சில நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருக்கும். மடத்தை நடத்தும் குருவம்மா அவரைவிட எட்டு வயது இளையவர். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஏது என்று கேட்டதில்லை.

அன்று அவர் பையைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தார்.

"வர்ற வியாழக்கிழமையோட ஒரு வருஷம் முடியுதும்மா."

அவர் மனைவி செண்பகவல்லி கேட்டு, கோர்ட்டு கொடுத்த பிரிவு அது. விவாகரத்து இல்லை. தாலி கழுத்தில் இருக்கும், வீடு மட்டும் வேறு. ஒரு வருஷம் போனபின் சேரவும் செய்யலாம், முழுதாக அறுத்துக்கொள்ளவும் கேட்கலாம்.

"அவ என்ன சொல்றா?"

"நான் எதுக்குப் போனேன்னு தெருவிலே உங்க வாயாலே சொல்லுங்க, அப்புறம் வர்றதைப் பத்தி யோசிக்கிறேங்கிறா. இல்லேன்னா வியாழக்கிழமை வக்கீலைப் பார்த்து விவாகரத்து கேட்கப் போறாளாம்."

"தெருவிலே இப்போ என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

மாசிலாமணி பையைப் பார்த்தார்.

"அவ அம்மாவுக்குப் பக்கவாதம், பார்த்துக்கப் போயிருக்கான்னு."

"அந்த அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. போன மாசம் கடைத்தெருவிலே எதிர்வீட்டு ராஜாமணி அக்கா பார்த்துட்டாங்க. 'படுக்கையிலே இருக்காங்கன்னீங்களே தம்பி, ரெண்டு கையிலேயும் பையோட ஓட்டமா ஓடுறாங்க'ன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"புது மருந்து நல்லா வேலை செய்யுதுன்னேன்."

குருவம்மா சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

"அந்த அக்கா இன்னும் ரெண்டு கிலோ பழம் கொடுத்துவிட்டாங்க."

"அப்போ இத்தனை மாசமா நாங்க தின்னது?"

"மாமியாருக்கு வந்ததும்மா. எனக்குத் தொண்டையிலே இறங்கலை. மடத்துக்குக் கொடுத்தா பாவம் போகும்னு..."

"பாவத்தை உரிச்சு எங்களுக்குக் கொடுத்தீங்க."

அவர் தலை குனிந்தார். 

"நிஜம் அதைவிடக் கேவலம்மா. அவளை அடிப்பேன். கதவைச் சாத்திட்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டு அடிப்பேன். தெருவுக்குக் கேட்கக் கூடாதுன்னு. இதை எப்படி நானே போய்ச் சொல்வேன்? வேற வழி ஏதாவது சொல்லுங்க."

குருவம்மா பையை அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்குப் பழம் வேண்டாம். கொடுத்தவங்க கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."

"ஏன்னு கேட்டா?"

"மாமியாருக்கு நோய் இல்லைன்னு சொல்லுங்க. அது ஒண்ணும் பொய்யில்லையே."

சாயங்காலம் அவர் வெறுங்கையோடு வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வாசல் படியிலேயே நின்றார்.

"ராஜாமணி அக்காகிட்ட கொடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நோய் இல்லைன்னு தெரியும் தம்பி'ன்னாங்க. 'ஒரு வருஷமா உங்க வீட்டு டிவி சத்தம் போடலையே'ன்னாங்க."

"தெரிஞ்சுமா பழம் கொடுத்தாங்க?"

"செண்பகத்துக்குன்னு கொடுத்தாங்களாம். என் மாமியார் பேரைச் சொன்னாவது அவ கைக்குப் போய்ச் சேரட்டும்னு."

 கூடையில் நேற்றைய பழம் ஒன்று மிச்சம் இருந்தது. மாசிலாமணி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரு முழுக்கத் தெரிஞ்சிருக்கும்மா. எனக்குத்தான் தெரியலை, அவங்களுக்குத் தெரியும்னு." துண்டால் முகத்தைத் துடைத்தார். குரலில் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. "ஒரு வகையிலே நல்லதுதான். இனிமே நான் புதுசா சொல்ல என்ன இருக்கு?"

"செண்பகம் என்ன கேட்டா? காலையிலே சொன்னீங்களே, இன்னொரு தடவை சொல்லுங்க."

மாசிலாமணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.