மெஷினின் வாயில் இறுகிய பனி

"எனக்கு இந்தப் பனி தள்ளுற மெஷினை ஓட்டத் தெரியாது. நீங்கள்தான் காட்டித் தரவேணும்" என்றாள் பத்மலோஜினி.

அவள் கணவர் குலவீரசிங்கம் வாயைத் திறந்தார்.

சொல் வரவில்லை.

பக்கவாதம் வந்து எட்டு மாதம். நடை கொஞ்சம் திரும்பிவிட்டது, ஊன்றுதடியோடு. பேச்சு மட்டும் எங்கோ தூரத்தில் நின்றுவிட்டது. ஒரு சொல்லை எடுக்க அவருக்கு ஒரு யுகம் வேண்டியிருந்தது.

"என்ன, சாவியா? பெற்றோலா? சாவியைத்தானே சொல்லுறியள்?"

அவர் வாயை மூடிக்கொண்டார்.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். முதல் நாள் மத்தியானம் தொடங்கிய பனி இன்னும் விடவில்லை. தெருவும் வேலியும் தபால் பெட்டியும் ஒரே வெள்ளைக்குள் போய்விட்டன. கராஜ் கதவைத் திறந்தபோது உலகத்தையே யாரோ அழித்துவிட்டு, திரும்ப வரைய மறந்ததுபோல் இருந்தது.

பதினொரு மணிக்கு வான் வரும். அவரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் வான். அந்த நாளுக்காக ஏழு கிழமை காத்திருந்தார்கள். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் டிரைவ்வேயில் முழங்கால் உயரத்துக்குப் பனி.

இருபத்திரண்டு மாரிகாலம் அவர்தான் அதை அகற்றியவர். அவள் யன்னலால்கூடப் பார்த்ததில்லை.

கராஜுக்குள் ஒரு கதிரையைப் போட்டு, அவரைப் போர்வையால் சுற்றி இருத்தினாள்.

"இண்டைக்கு நீங்கள் வாத்தியார். நான் பிள்ளை. சரியோ?"

அவர் தலையசைத்தார்.

அவள் சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பப் போனாள்.

அவர் தடியை நீட்டி மறித்தார். மெஷினைக் காட்டினார். வெளியைக் காட்டினார்.

"இஞ்சையே ஸ்டார்ட் பண்ணினால் என்ன? குளிருதல்லோ."

அவர் தடியை எடுக்கவில்லை.

கதவை அகலத் திறந்து, மெஷினை வெளியே உருட்டினாள். உள்ளே கிளப்பியிருந்தால் எஞ்சினின் நச்சுப்புகை கராஜுக்குள் இருவரையும் சூழ்ந்திருக்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வெளியே நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"குளிருதோ? மஃப்ளர் வேணுமோ?"

இல்லை என்று தலையாட்டினார். அவளைக் காட்டினார். மறுபடி கழுத்தைக் காட்டினார்.

அவளுடைய சால்வையின் நுனி மெஷினின் முன்வாயைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. அந்த வாய்க்குள் பற்கள் வைத்த இரும்புச் சுருள் இருந்தது.

அவள் சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

எஞ்சின் கிளம்பியது.

பிடியை அழுத்தினால் சுருள் சுற்றியது. விட்டால் நின்றது. பனி முன்வாயால் உள்ளே போய், புகைபோக்கிபோல் வளைந்து நின்ற குழாயால் மேலே பறந்தது. வெயில் இல்லாத வெளிச்சத்தில் அது விழவே மனமில்லாமல் மிதந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எங்கே நடக்கிறாள் என்பதும் மறந்துபோனது. காலடியில் நிலம் இருக்கிறதா என்பதும்.

பத்து மணியாயிற்று. பத்தரை.

தெருவோரத்துக்கு வந்தாள். நகரசபை வண்டி தள்ளிவிட்டுப் போன பனி அங்கே மேடாகக் கிடந்தது. ஈரமான, கனத்த பனி. மெஷின் இரண்டு வாய் விழுங்கியது. மூன்றாவதில் முனகியது. குழாயால் ஒன்றும் வரவில்லை.

அவள் பிடியை விட்டாள். எஞ்சினையும் நிறுத்தினாள்.

குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் பனி கல்லாக இறுகியிருந்தது. கையை விட்டு ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். பதினாறு வருடம் பாண் சுடும் பக்டரியில் ஓடுகிற பட்டியிலிருந்து பாண் எடுத்து அடுக்கிய கை அது. அவளைவிட வேகமாகப் போய்வரும்.

குனிந்தாள். கையுறை குழாயின் விளிம்பைத் தாண்டியது.

டங்.

நிமிர்ந்தாள்.

கராஜுக்குள் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சுவரில் தொங்கிய, பனி அள்ளும் இரும்புச் சவளை மறுபடி தடியால் அடித்தார்.

டங்.

போர்வை கீழே விழுந்தது. அவர் நடக்கத் தொடங்கினார்.

"வராதேங்கோ. வழுக்கும். விழுந்திடுவியள்."

அவர் வந்தார்.

அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "என்னப்பா இது? எஞ்சினை நிப்பாட்டிப்போட்டன்தானே. ஒண்டும் சுத்தேல்லை. கையால எடுத்தால் ஒரு நிமிசம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தபடி ஒவ்வொரு அடியாக வைத்தார். வெண்மைக்குள் அவர் நடப்பது தண்ணீருக்கு அடியில் ஒருவர் நடப்பதுபோல் இருந்தது.

மெஷினை அடைந்தார். இடக்கையால் சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

பிறகு நின்றார்.

"இப்ப என்ன?"

நின்றார்.

"வான் வரப்போகுதப்பா."

பனி அவர் தலையில் விழுந்தது. அவள் தலையிலும் விழுந்தது. எஞ்சினின் சூடு எங்கோ டிக், டிக் என்று அடங்கியது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

மெஷினின் முதுகில் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் தடி சொருகியிருந்தது. அவர் அதைக் காட்டினார்.

அவள் அதை உருவினாள். குழாய்க்குள் விட்டாள். குத்தினாள். அசையவில்லை. இன்னொருமுறை பலமாகக் குத்தினாள்.

பனி உடைந்தது.

எஞ்சின் செத்துக் கிடந்தது. சாவி அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. ஆனாலும் குழாயின் அடியில் பனியை மேலே எறியும் விசிறி சட்டென்று அரைச்சுற்றுச் சுற்றியது. தடியை அவள் பிடியிலிருந்து பறித்து எறிந்தது.

பிறகு அசையாமல் கிடந்தது.

அவள் தடியை எடுக்கக் குனிந்தாள். அதன் நுனியைக் காணவில்லை.

தடியையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இறுகிய பனி விசிறியை முறுக்கிப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. யாராவது வந்து விடுவிப்பார்கள் என்று அது காத்திருந்திருக்கிறது.



அவர் வாயைத் திறந்தார்.

உதடு ஒரு வடிவத்துக்கு வந்தது. குலைந்தது. மறுபடி வந்தது.

அவள் நாக்கில் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. தடி. சாவி. வான். குளிர். வீட்டுக்குப் போவம். எதை நீட்டினாலும் அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தலையசைத்துவிடுவார். எட்டு மாதமாக அப்படித்தான் நடந்தது.

அவள் ஒன்றையும் நீட்டவில்லை.

தெருமுனையில் வானின் மஞ்சள் விளக்கு பனிக்குள் மினுக்கியது. மெதுவாகக் கிட்ட வந்து நின்றது. ட்ரைவர் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டான். அவள் திரும்பவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் புருவம் வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

பனி பெய்தது.

"கை" என்றார் அவர்.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உம்மடை... கை."