வெண்ணூலி கொட்டிய சாறுகள்

மரங்களும் காளான்களும் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஒரு மலைக்காட்டில் பூஞ்சைக் குலத்து அக்கா தங்கைகள் மூவர் இருந்தார்கள். அந்தக் குலத்தில் யாருக்கும் வாய் கிடையாது, வயிறும் கிடையாது. உடம்பில் ஊறும் சாற்றை இரையின் மேல் உமிழ்வார்கள். அது கரைந்து கஞ்சியானதும் உறிஞ்சிக்கொள்வார்கள்.

மூத்தவள் செதிலி, விழுந்த மரங்களைத் தின்றாள். எந்தக் கட்டையையும் கரைக்க அவளிடம் ஒரு சாறு இருந்தது. அடுத்தவள் நஞ்சிக்கு உயிருள்ள இலைதான் பிடிக்கும். முதலில் மயக்கும் சாறு. இலை கண்ணயர்ந்ததும் கொல்லும் சாறு. கடைக்குட்டி வெண்ணூலியும் கட்டை கரைப்பவள்தான். ஆனால் பெரிய சாமர்த்தியம் இல்லை. மூத்தவள் விட்ட மிச்சத்தில் காலம் தள்ளினாள்.

ஒரு கோடையில் காட்டுத்தீ வந்து, கீழே கிடந்ததையெல்லாம் சாம்பலாக்கியது. மிஞ்சிய ஒரே கட்டையைச் செதிலி பிடித்துக்கொண்டாள். "இது எனக்கே பத்தாதுடி, வேறு இடம் பார்" என்றாள். நஞ்சி தன்னோடு வரும்படி கூப்பிட்டாள். அவளிடம் மயங்கிய இலை எதுவும் திரும்ப விழித்ததில்லை. வெண்ணூலிக்கு மனம் வரவில்லை.

பட்டினியோடு மண்ணுக்குள் ஊர்ந்தவள், தீக்குத் தப்பிய ஒரு குங்கிலிய மரத்தின் வேரைத் தொட்டாள். எதைத் தொட்டாலும் முதலில் உமிழ்வது குலத்தின் பழக்கம். அவளும் உமிழ்ந்துவிட்டாள். வேர்நுனி வெந்துபோனது.

"வந்ததும் வராததுமாகத் துப்புகிறாயே, நல்ல விருந்தாளிதான்" என்றது மரம். உடனே வேரை இறுக்கி மூடிக்கொண்டது.

வெண்ணூலி மன்னிப்புக் கேட்டாள். தடித்த வேர் நுழையாத பாறை இடுக்கிலும் தன் நூல் நுழையும் என்றும், அங்கிருந்து நீரும் உப்பும் கொண்டுவந்து தருவதாகவும், கொஞ்சம் இனிப்பு நீர் கிடைத்தால் பிழைத்துக்கொள்வதாகவும் சொன்னாள். மரத்துக்கும் தாகம்தான். ஆனாலும் அத்தனை சாற்றை வைத்திருப்பவளை வீட்டுக்குள் விட்டுவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது என்று கேட்டது.

வெண்ணூலி வெகுநேரம் யோசித்தாள். பிறகு ஒரு பாறைமேல் ஏறி, கட்டை கரைக்கும் சாறுகளை ஒவ்வொன்றாகக் கொட்டினாள். அவை சுரக்கும் ஊற்றுக்கண்களையும் அடைத்துவிட்டாள். திரும்பி வந்ததும் தயங்கி நின்றாள்.

"ஒன்றை மட்டும் கொட்டவில்லை அம்மா. வேர்த்தோலின் இடுக்கை நெகிழ்த்துகிற சாறு. அது இல்லாமல் என்னால் உள்ளே வர முடியாது."

"சொல்லாமலே வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே."

"தெரிந்திருக்காது. எனக்குத்தான் உள்ளே இருப்புக் கொண்டிருக்காது."

மரம் ஒரு சிறுவேரை, ஒன்றே ஒன்றைத் திறந்தது. வெண்ணூலிக்கு உயிர் வந்தது.

மழைக்காலத்தில் மரங்கள் சாய்ந்தன. செதிலி தங்கையை விருந்துக்கு அழைத்தாள். வெண்ணூலி ஆசையாகப் போய்க் கட்டையைத் தழுவிப் பார்த்தாள். ஒரு துளியும் கரையவில்லை. வேருக்குத் திரும்பினாள்.

செதிலியின் வழிவந்த காளான் பட்ட கட்டையில் முளைப்பதும், வெண்ணூலியின் வழிவந்தது உயிருள்ள மரத்தடியில் மட்டும் குடை விரிப்பதும் அன்றிலிருந்துதான். அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தால், பக்கத்திலேயே அத்தனை கட்டை கிடந்தும், அதுவும் பட்டினியில் மடிந்துபோகிறது.