நடுக்கோட்டுக்கு இரண்டடி

ஜெனோவா ரெய்டுக்குப் போனால் எதிரணியில் ஏழு பேரும் கடைசிக் கோடு வரை பின்வாங்குவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதுதான். கடற்கரை மணலில் ஓடி வளர்ந்த கால். மூச்சும் அப்படித்தான். 'கபடி கபடி' என்று பாட ஆரம்பித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அப்பேர்ப்பட்டவள்தான் கல்லூரி அணிகளின் லீக் ஆட்டத்தில் ஜெயிக்க இருந்ததைக் கெடுத்துவிட்டு வந்தாள்.

கடைசி ரெய்டு. இரண்டு பேரைத் தொட்டாயிற்று. நடுக்கோட்டுக்கு இரண்டடி. பாடிக்கொண்டே கோட்டைத் தொட்டால் வெற்றி. கீழே கிடந்த எதிரணிப் பெண் ஒருத்தி, "கருவாட்டு நாத்தம் தாங்கலடி. உங்கப்பன் வீட்ல சோப்பே கிடையாதா?" என்றாள்.

ஜெனோவா திரும்பி நின்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டாள். அவ்வளவுதான், பாட்டு நின்றுவிட்டது. விசில். ரெய்டர் அவுட், தொட்ட புள்ளிகளும் போச்சு. அதோடு விட்டாளா? தண்ணீர்க் கேனை எட்டி உதைத்தாள். நடுவரிடம் மல்லுக்கு நின்றாள்.

முந்தைய ஆட்டங்களின் புள்ளிக் கணக்கில் எப்படியோ இறுதிக்கு வந்தாயிற்று; மறுநாள் சாயங்காலம் ஆட்டம், அதே அணியோடு. "அவள வெளிய உக்கார வைங்க மேடம்" என்று கேப்டனே சொல்லிவிட்டாள். பயிற்சி கொடுக்கும் முத்துச்செல்வி மேடம், "காலையில பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

காலையில் ஜெனோவா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், என்னை உக்கார வைக்கப் போறீங்களா?"

"நீ என்ன நெனைக்கிற?"

"எங்கப்பா கடல்ல கெடந்து என்னைப் படிக்க வைக்கிறாரு. அவரச் சொன்னா நான் ஊமையா வரணுமா? யாரா இருந்தாலும் பாட்டு நிக்கத்தான் மேடம் செய்யும்."

மேடம் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். நாற்பத்தைந்து வயது, ஒரு முழங்காலில் பெல்ட்.

"ஏழு பேரும் எறங்குங்கடி. நான் பாடி வரேன். வாய்க்கு வந்ததச் சொல்லுங்க. என் பாட்டு நின்னா நீங்க ஜெயிச்சீங்க."

ஏழு பேரும் கோர்ட்டுக்குள் இறங்கினார்கள். பிறகு ஒருத்தி, "பாட்டி, மூட்டு பத்திரம்!" என்றாள். "டை அடிச்சும் நரை தெரியுது மேடம்!" என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு. மேடம் அசரவில்லை. 'கபடி கபடி' என்று கோர்ட்டுக்குள் நடை போட்டார்.

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பாட்டு நின்றே ஆகவேண்டும். நின்றால்தான் நேற்று அவள் செய்தது சரி.

"நடுவர அறைஞ்சுட்டு இந்திய டீம்ல கெடச்ச எடத்தத் தொலைச்சவங்கதானே நீங்க!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஜெனோவாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மேடம் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை.

மேடத்தின் கண் நிறைந்துவிட்டது. குரல் கரகரத்தது. ஆனால் கபடி, கபடி, கபடி. வந்தார், ஜெனோவாவின் தோளைத் தொட்டார், முகத்தைத் திருப்பாமல் பின்வாங்கி நடுக்கோட்டைத் தாண்டினார். அப்புறம்தான் பாட்டை நிறுத்தினார். தரையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கவே, தேம்பித் தேம்பி அழுதார்.

ஜெனோவா ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். சே, என்ன வாய் இது என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"மன்னிச்சிருங்க மேடம். ரொம்ப வலிச்சிருச்சா?"

"வலிக்காம? இருபத்திரண்டு வருஷமா வலிக்குது."

"பெறகு எப்படி மேடம் பாட்டு நிக்கல?"

மேடம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கோட்டத் தாண்டி வந்து அழுதுக்கலாம்னு வச்சிருந்தேன்டி. போ, போய்ச் சாப்பிடு. சாயங்காலம் மொத ரெய்டு நீதான்."