தமயந்தியக்கா சோதித்த மூச்சு

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போது கேட்காதீர்கள். அதற்கு முன்னால் ஒருவர் தூங்கியாக வேண்டும்.

திருப்பூரில் ஸ்டெல்லா டீச்சரின் மூச்சுப் பயிற்சி வகுப்பு, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள். தைராய்டு, ஒற்றைத் தலைவலி, மூட்டுவலி என்று வருடக்கணக்கில் கூடவே இருப்பது ஆளுக்கொன்று. நான் அம்மாவுக்குத் துணை. பதினாறு வயது. வகுப்பில் யார் குரலும் எனக்கு வரும். டீச்சர் குரலில் நான் "மெதுவா விடுங்க" என்று சொல்லி, ஒருமுறை எல்லோரும் விட்டிருக்கிறார்கள்.

தமயந்தியக்காவுக்கு எட்டு வருடமாக அடிவயிற்று வலி. மாத்திரையைத் தொடரச் சொன்ன டாக்டர், தூக்கமும் வந்தால் வலியைச் சமாளிக்கத் தெம்பு கிடைக்கும் என்று இங்கே அனுப்பியிருந்தார். அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்து வருவதில் குறை பார்த்து ஒதுக்கும் வேலை. இந்த மாதமும் நாலு நாள் லீவு போட்டால் அந்த மேசை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரமாகியும் தூக்கம் வரவில்லை. படுத்தால் என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டார். ஒவ்வொரு மூச்சாகப் பார்ப்பேன் என்றார் அக்கா. போன மூச்சு குட்டை, இது கோணல், அடுத்தது நடுவில் டேமேஜ்.

"நூத்துக்கு எத்தனை பாஸ்?"

"ஏழெட்டு தேறுமுங்க. வேற பயிற்சி குடுங்க டீச்சர். கஷ்டமா இருந்தாலும் பண்ணிப்போடறேன்."

அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவரான டீச்சர் என்னைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு சீராக இல்லையோ என்று சந்தேகம், குறை எங்கே என்று சொல்ல நல்ல செக்கர் ஒருத்தர் வேண்டும் என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டீச்சர் அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டார்.

நான் பாயில் படுத்துக் கண்ணை மூடினேன். அக்கா பின்னால் ஒருக்களித்துப் படுத்து என் முதுகில் கை வைத்தார். கூடவே மூச்சு விட்டால்தான் குறை கைக்குத் தெரியும் என்றார் டீச்சர்.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்கும்போது விடும் மூச்சை எடுத்துக்கொண்டேன். இழுப்பது சின்னதாக, விடுவது நீளமாக. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் விரல் ஒரு தட்டு தட்டியது.

"ஒண்ணுலகூடக் குறையில்லையே," என்று முணுமுணுத்தார். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இன்னும் மெதுவாக்கினேன். தட்டல் நின்றது. கை கனத்தது. பிறகு என் பிடரியில் அசல் குறட்டை. தண்ணீரோடு வந்த அம்மா சொம்பை வைத்துவிட்டுச் சிரிக்க வெளியே போனாள்.

ஒன்றரை மணி நேரம். என் மூக்கில் ஈ உட்கார்ந்தது. நான் கைக்குழந்தையாகவே இருந்தேன்.

அக்கா திடுக்கிட்டு எழுந்தார். கன்னத்தில் பாய்க்கோடு. பார்க்கச் சொன்ன வேலையை விட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேனே, பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கண்ணைத் திறக்காமல், அக்காவின் குறட்டையை அப்படியே ஒருமுறை விட்டேன், கடைசியில் வரும் விசிலோடு.

கூடமே சிரித்தது. அக்கா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். என் உதடு காட்டிக்கொடுத்தது.

"இவ தூங்கவேயில்லீங்களா டீச்சர்? அத்தனையும் நடிப்புங்களா?"

"அவ நடிச்சா," என்றார் டீச்சர். "நீங்க?"