சிரித்து வாங்க வேண்டிய கடன்

வராகன் காசு புழங்கிய நாளில், சிரிப்பென்றால் உயிரையே விடும் ராஜா ஒருவர் இருந்தார். அவர் சபையில் வழக்கானாலும் சிரிப்பு வேண்டும், வரிக்கணக்கானாலும் சிரிப்பு வேண்டும். அதற்கென்றே மாதம் பன்னிரண்டு வராகன் சம்பளத்தில் அம்பலவாணன் என்ற விகடகவியை வைத்திருந்தார்.

ராஜா தினமும் அம்பலவாணனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவது பொக்கிஷதார் வில்வநாதருக்குக் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. அவர் காத்திருந்தார். ஒருநாள் அம்பலவாணனே அவர் வாசலுக்கு வந்து முந்நூறு வராகன் கடன் கேட்டு நின்றான். வில்வநாதர் மகிழ்ச்சியோடு கொடுத்தார். ஆனால் பத்திரத்தைச் சபையில்தான் எழுத வேண்டும் என்றார். நாலு பேர் முன்னால் அவன் தலைகுனிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"எதற்காக இவ்வளவு பணம்?" என்று ராஜா கேட்டார்.

"என் வாய் ஊருக்கே தீனி போடுகிறது, அரசே. அதற்குத் தீனி போட வேண்டாமா?" என்றான் அம்பலவாணன். சபை சிரித்தது.

ராஜாவுக்கு அப்போதே ஒரு விளையாட்டுப் புத்தி தோன்றியது. பத்திரத்தில் தாமே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மாதம் ஐந்து வராகன் வீதம் அறுபது மாதம் கட்ட வேண்டும்; ஒரு மாதம் தவறினாலும் வீடு வில்வநாதருக்கு, புருஷனும் பெண்சாதியும் அவர் பண்ணையில் அடிமை. அதேபோல, பணத்தை வில்வநாதர் சபையில் வாய்விட்டுச் சிரித்தபடிதான் வாங்க வேண்டும். கொண்டுவந்த பணத்தைச் சிரித்து வாங்காவிட்டால் மீதிக் கடன் அத்தோடு தீர்ந்தது. சிரிக்கக் காசா பணமா என்று வில்வநாதர் கையெழுத்துப் போட்டார். ராஜமுத்திரையும் விழுந்தது.

அம்பலவாணன் சொல்லாதது ஒன்று உண்டு. அவனுடைய ஒரே மகள் நாச்சி, ஒன்பது வயது, மூச்சு வாங்க முடியாமல் படுத்திருந்தாள். கடல் கடந்து வந்த வைத்தியருக்கும் மருந்துக்கும்தான் அந்த முந்நூறு. பணம் முழுவதும் செலவானது. நாச்சி பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் சபைக்குப் போனான். போகாவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாவிட்டால் தவணை இல்லை. விகடகவியின் துக்கத்தை யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்? அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாதப் பிறப்பன்று ஐந்து வராகனை நீட்டினான். வில்வநாதர் தலையைப் பின்னால் சாய்த்து, தொந்தி குலுங்கச் சிரித்து வாங்கிக்கொண்டார். முப்பத்தெட்டு மாதம் அந்தச் சிரிப்பை அவன் கேட்டான். நாளாக ஆக, பத்திரத்தில் அப்படி எழுதியிருப்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள். வில்வநாதர் மட்டும் தம் சந்தோஷத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ராஜாவின் ஏழு வயது மகன் காய்ச்சலில் இறந்துபோனான்.

ராஜா பத்து நாள் யாருக்கும் முகம் காட்டவில்லை. பதினோராம் நாள் சபைக்கு வந்து, தரையைப் பார்த்தபடி ஆணையிட்டார். "ஒரு வருஷத்துக்கு இந்தச் சபையில் எவர் சிரித்தாலும் அவருடைய நிலபுலன் முழுவதும் அரசுக்குச் சேரும். விகடகவிக்கு இனி இங்கே வேலை இல்லை."

அம்பலவாணன் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மனைவி வடிவு விஷயத்தைக் கேட்டறிந்தாள். மறுநாள் அவள் தன் அண்ணனிடம் போனாள். உப்பு வியாபாரியான அவர், வண்டி மாடுகளை விற்று நாற்பது வராகன் கொடுத்தனுப்பினார்.

"எட்டு மாசத்துக்கு வரும். அப்புறம்?" என்றாள் வடிவு.

"மொத்தமாக் கொடுத்துட்டு, இதோட முடிச்சுக்குங்கன்னு கேட்டுப் பாக்கறேன்."

"அந்த மனுஷன் ஒத்துக்குவாரா?"

"கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

அவன் சொன்னபடியே விழுந்தான். "ஐயா, வருமானம் நின்றுவிட்டது. மாதாமாதம் கட்ட வழியில்லை. என்னிடம் இருப்பது இந்த நாற்பதுதான். பெரிய மனது பண்ணி இதை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடுங்கள்."

வில்வநாதர் காலை நகர்த்திக்கொண்டார். "இருபத்திரண்டு மாதம் பாக்கி. நூற்றுப்பத்து வராகனுக்கு நாற்பதா? பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் நடக்கட்டும், அம்பலவாணா. அந்த நாற்பதும் தீரட்டும். உன் பெண்டாட்டிக்குக் களை எடுக்கத் தெரியுமா?"

வீடு திரும்பியவன், மூன்று வருஷமாகத் தொடாத பெட்டியைத் திறந்தான். பத்திரம் அதில்தான் இருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தான். பிறகு வடிவிடம் படித்துக் காட்டினான்.

அவள் முகம் மாறியது. "பிள்ளையைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கிற மனுஷர் முன்னாலயா இந்த வேடிக்கையெல்லாம்?"

"வேடிக்கை இல்ல வடிவு. நான் ஒரு வார்த்தை ஜோடிச்சுச் சொல்லப்போறதில்ல. இதுல இருக்கறதைத்தான் சொல்லப்போறேன்."

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவனுக்கும் அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

மாதப் பிறப்பன்று சபை கல்லாய் உறைந்திருந்தது. அம்பலவாணன் வில்வநாதர் முன்னால் போய் ஐந்து வராகனை நீட்டினான். வில்வநாதர் வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்தார். சட்டென்று ஆணை நினைவுக்கு வர, வாயை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்.

அம்பலவாணன் பணத்தைக் கொடுக்கவில்லை. "பத்திரப்படி, ஐயா. வாய்விட்டுச் சிரித்து வாங்க வேண்டும்."

வில்வநாதருக்கு வேர்த்தது. சிரித்தால் நிலபுலன் போகும். சிரிக்காவிட்டால் நூற்றுப்பத்து வராகன் போகும். "அரசே, இவன் தங்கள் துக்கத்தை வைத்துச் சூழ்ச்சி செய்கிறான்."

"பத்திரத்தைப் படியுங்கள்," என்றார் ராஜா உயிரில்லாத குரலில். படித்தார்கள். "முத்திரை என்னுடையது. ஆணையும் என்னுடையது. இரண்டையும் மீற முடியாது."

வில்வநாதர் அவசரமாக அம்பலவாணன் பக்கம் குனிந்தார். "அந்த நாற்பது வராகனைக் கொடு. மொத்தக் கணக்கும் முடிந்ததாக எழுதித் தருகிறேன்."

"மனமார்ந்த நன்றி, ஐயா. ஆனால் அதையும் தாங்கள் சிரித்துத்தானே வாங்க வேண்டும்?"

வில்வநாதரின் வாய் சிரிப்பதற்குத் திறந்து, பயத்தில் மூடி, மறுபடி திறந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்த ராஜாவின் தொண்டையிலிருந்து துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு. சபை நடுங்கிப்போனது. ராஜாவே திகைத்துத் தம் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"என் ஆணையை நானே உடைத்துவிட்டேன்," என்றார். "போகட்டும், இன்றோடு அது இல்லை. வில்வநாதரே, கொண்டுவந்த பணத்தை நீர் சிரித்து வாங்கவில்லை; கடன் தீர்ந்தது." பிறகு அம்பலவாணனைப் பார்த்தார். "அன்று ஏதோ தீனி என்றாய். உண்மையில் எதற்காக வாங்கினாய்?"

அம்பலவாணன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான்.

ராஜா அவன் பக்கம் குனிந்தார். "அவள் போன எத்தனையாவது நாள் நீ சபைக்கு வந்தாய்?"

"மூன்றாம் நாள், அரசே."

"அன்று நான் சிரித்தேனா?"

"கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரும் கிட்டப் போகத் துணியவில்லை. அழுது முடித்ததும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். பழைய வேலையையும் சம்பளத்தையும் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"பதினாறு நாள் விடுப்பு வேண்டும், அரசே. அப்போது எடுக்க முடியவில்லை."

ராஜா தலையசைத்தார்.

அம்பலவாணன் வீட்டுக்கு வந்து, ராஜா கிழித்துக் கொடுத்த பத்திரத்தையும் மாலையையும் நாற்பது வராகனையும் வடிவின் முன்னால் வைத்தான். "தீர்ந்துபோச்சு. இனி ஒரு காசு கட்ட வேண்டாம். உங்கண்ணன மாட்டைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லு."

அவள் மாலையைத் தொடவில்லை. பத்திரத்தின் ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மாசம் பொறந்தா அஞ்சு வராகன் எடுத்து வைப்போம். அது நாச்சிக்குன்னு நெனச்சுக்குவேன்," என்றாள். "இனிமே அவளுக்குன்னு நாம செய்ய ஒண்ணுமே இல்லையா?"

நாடே சிரிக்கும்படி பேசத் தெரிந்த அம்பலவாணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் இறந்த பிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதான்.